சிபேனலின் ஸ்பேம் தடுப்பு: சமையல் பழுதில்லை, பரிமாறல்தான் சரியில்லை

சொந்த டொமைனில் மெயில் ஐடி வைத்திருக்கும் அச்சகம், ஆடிட்டர் அலுவலகம், தனியார் பள்ளி என்று எங்கே கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "ஜிமெயில்ல ஒண்ணும் வரல, நம்ம டொமைன் மெயில்ல மட்டும் குப்பையா கொட்டுது." பழி நேராக ஹோஸ்டிங் நிறுவனத்தின் மேல் விழும். அந்தக் கணக்கில் சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுப் பக்கம்) இருந்தால், குப்பையைத் தடுக்கும் கருவிகளில் முக்கால்வாசி ஏற்கெனவே உள்ளே கிடக்கின்றன. பலர் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திறந்தவர்களில் சிலர் தப்பான சுவிட்சைப் போட்டுவிட்டு, வரவேண்டிய ஆர்டர் மெயிலைத் தொலைத்துவிடுகிறார்கள்.

சிபேனலின் மெயில் பகுதியில் மெயிலை வாங்குவது எக்ஸிம், பெட்டியில் வைப்பது டவ்காட், ஸ்பேமா இல்லையா என்று மார்க் போடுவது அப்பாச்சி ஸ்பேம்அசாசின். மூன்றும் நெடுங்காலமாகப் புழங்கும் திறமூல மென்பொருள்கள், வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. குறையெல்லாம் அமைப்புகளைச் சிதறிவைத்த விதத்தில். ஸ்பேமைக் குறைக்க நினைப்பவர் ஸ்பேம் ஃபில்டர்ஸ், டிஃபால்ட் அட்ரஸ், ஃபார்வர்டர்ஸ், குளோபல் இமெயில் ஃபில்டர்ஸ், இமெயில் டெலிவரபிலிட்டி என்று ஐந்து பக்கங்களுக்கு அலைய வேண்டும். எதை முதலில் தொடவேண்டும் என்று எந்தப் பக்கமும் சொல்லாது.

முதலில் எல்லாரும் போவது ஸ்பேம் ஃபில்டர்ஸ் பக்கத்துக்கு. மேலே இருக்கும் முதல் சுவிட்சைப் போட்டதும் ஸ்பேம் நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நிற்காது. அந்த சுவிட்ச் மெயிலுக்கு மார்க் போட்டு, ஸ்பேம் என்று அடையாளம் வைக்கும், அவ்வளவே. மெயில் இன்பாக்ஸிலேயேதான் வந்து விழும். "ஆன் பண்ணியும் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று சப்போர்ட்டுக்குப் போகும் டிக்கெட்டுகளின் மூலம் இதுதான். இரண்டாவது சுவிட்ச் ஸ்பேம் பாக்ஸ். அதைப் போட்டால்தான் அடையாளம் வைத்த மெயில் தனி ஃபோல்டருக்கு ஒதுங்கும். மூன்றாவது ஆட்டோ டிலீட். அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

காரணம் எளிது. ஆட்டோ டிலீட் அழித்த மெயில் எந்த ஃபோல்டரிலும் இருக்காது, அனுப்பியவருக்கும் திரும்பிப் போகாது. அனுப்பியவர் கிடைத்துவிட்டது என்று நினைப்பார், நீங்கள் அவர் அனுப்பவே இல்லை என்று நினைப்பீர்கள். விலைப்புள்ளி கேட்டு மெயில் வரும் தொழிலில் இதைவிடக் கெட்ட நிலை கிடையாது. போட்டே ஆகவேண்டும் என்றால் அதற்கான வரம்பை, அதாவது எத்தனை மார்க் வாங்கினால் அழிப்பது என்ற எண்ணை, 10க்குக் கீழே இறக்காதீர்கள். ஸ்பேம் என்று அடையாளம் வைக்கும் வரம்பும் அழிக்கும் வரம்பும் 5 என்ற ஒரே எண்ணில் இருந்தால் ஸ்பேம் பாக்ஸுக்கு வந்துசேர எதுவும் மிஞ்சாது, எல்லாம் வழியிலேயே அழிந்துவிடும்.

அடையாளம் வைக்கும் இயல்பான வரம்பு 5. இங்கே மார்க் பள்ளிக்கூட மார்க்குக்கு நேர் எதிர்: கூடக் கூட மெயில் மோசம். எடுத்த எடுப்பில் 2, 3 என்று இறக்குவது பலரும் செய்யும் தவறு. படம் நிறைந்த செய்திமடல், வங்கி அனுப்பும் அறிக்கை, பழைய மென்பொருளிலிருந்து தானாகக் கிளம்பும் பில் எல்லாம் சர்வசாதாரணமாக 2, 3 வாங்கும். இரண்டு வாரம் 5லேயே விடுங்கள். ஸ்பேம் ஃபோல்டரில் நல்ல மெயில் ஒன்றும் சிக்கவில்லை, இன்பாக்ஸில் குப்பை தொடர்கிறது என்றால் 4க்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போகும் அவசியம் வந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

இன்னொரு கண்ணி: அவுட்லுக்கை பாப் முறையில் (மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) வைத்திருப்பவர்களுக்கு இன்பாக்ஸ் மட்டுமே இறங்கும். ஸ்பேம் ஃபோல்டர் சர்வரில் கண்ணில் படாமல் வளர்ந்துகொண்டே போகும். ஒருநாள் பெட்டியின் இட ஒதுக்கீடு நிறையும், அன்றிலிருந்து நல்ல மெயிலும் திரும்பிப் போக ஆரம்பிக்கும். சர்வரில் உள்ள எல்லா ஃபோல்டரையும் காட்டும் ஐமேப் முறைக்கு மாறுவதே தீர்வு. முடியாவிட்டால் வாரம் ஒருமுறை வெப்மெயிலில் பார்த்துவிட்டு, ஸ்பேம் ஃபில்டர்ஸ் பக்கத்திலேயே இருக்கும் காலி செய்யும் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

இன்பாக்ஸில் நுழைந்த ஒரு ஸ்பேம் ஏன் நுழைந்தது என்று கண்டுபிடிக்க சிபேனல் நல்ல வசதி வைத்திருக்கிறது. ஆனால் அதை மெயிலின் ஹெடருக்குள், அதாவது சாதாரணமாகக் கண்ணில் படாத தலைப்பு வரிகளுக்குள், ஒளித்துவைத்திருக்கிறது. ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயிலில் மெயிலைத் திறந்து, கூடுதல் மெனுவில் மூலத்தைக் காட்டும் தேர்வை அழுத்துங்கள். எக்ஸ்-ஸ்பேம்-ஸ்கோர் என்ற வரியில் 27 என்று இருந்தால் பதறவேண்டாம், அது 2.7. பத்தால் பெருக்கி எழுதும் வழக்கம். அடுத்த வரியான எக்ஸ்-ஸ்பேம்-பாரில் அதே மதிப்பு இரண்டு கூட்டல் குறியாக நிற்கும். வரம்பைத் தொடாத மெயிலில் எக்ஸ்-ஹாம்-ரிப்போர்ட் என்று ஒரு பகுதி இருக்கும். எந்தச் சோதனைக்கு எத்தனை மார்க் என்ற முழுக் கணக்கும் அங்கே உண்டு.

அந்தக் கணக்கில் "யூஆர்ஐபிஎல்_பிளாக்ட்" என்று ஒரு வரி தெரிந்தால் கவனியுங்கள். மார்க் 0.001தான், ஆனால் சொல்லும் சேதி பெரிது. மெயிலுக்குள் இருக்கும் இணைப்புகள் கெட்ட தளங்களுடையவையா என்று சர்வர் ஒரு தடைப்பட்டியலைக் கேட்கிறது. பட்டியல்காரர்கள் பதில் சொல்ல மறுக்கிறார்கள் என்று அர்த்தம். கூகுளின் 8.8.8.8 மாதிரியான பொது டிஎன்எஸ் (டொமைன் விவரங்களைத் தேடித்தரும் சேவை) வழியாக சர்வர் கேட்டால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் அங்கிருந்து வரும் கேள்விகள் மலைபோலக் குவிகின்றன. ஸ்பேம்அசாசினின் கூர்மையான கத்திகளில் ஒன்று மழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிபேனலுக்குள் இதைச் சரிசெய்ய வழியில்லை. "சர்வருக்குச் சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் வையுங்கள், யூஆர்ஐபிஎல்_பிளாக்ட் வருகிறது" என்று ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். விஷயம் தெரிந்தவர் எதிரே இருந்தால் அந்த ஒரு வரியே போதும்.

வரம்பு எண்ணைவிட அதிகப் பலன் தருவது டிஃபால்ட் அட்ரஸ். பெயரைப் பார்த்தால் ஸ்பேமோடு சம்பந்தம் இருப்பதாகவே தோன்றாது. டொமைனில் இல்லாத பெயருக்கு வரும் மெயிலை என்ன செய்வது என்பதை இது தீர்மானிக்கிறது. ஸ்பேம் அனுப்புபவர்கள் இன்ஃபோ, சேல்ஸ், அட்மின், அக்கவுண்ட்ஸ் என்று அகராதி வைத்து அடிப்பார்கள். இங்கே "சிஸ்டம் அக்கவுண்ட்டுக்கு அனுப்பு" என்றோ, உரிமையாளரின் ஐடிக்கு ஃபார்வர்டு என்றோ இருந்தால், அடித்த ஒவ்வொரு கல்லும் மாங்காய்தான். சிஸ்டம் அக்கவுண்ட் என்பது சிபேனல் யூசர்நேமின் பெட்டி. அதை யாரும் திறப்பதில்லை. ஆயிரக்கணக்கில் மெயில் சேர்ந்து ஹோஸ்டிங் இடத்தையே விழுங்கியபின்தான் தெரியவரும்.

இதில் சரியான தேர்வு, பிழைச் செய்தியுடன் நிராகரிப்பது. எழுதும் கட்டத்தில் ":ஃபெயில்:" என்று தொடங்குவது இதுதான். இதன் அழகு, எதிர்ச் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லிவிடுவதில். மெயில் உள்ளே வருவதில்லை, ஸ்கேன் செய்யும் சுமை இல்லை. பெயரைத் தப்பாக அடித்த உண்மையான வாடிக்கையாளருக்கு அவருடைய சர்வரே தகவல் சொல்லிவிடும். ":பிளாக்ஹோல்:" என்ற தேர்வும் உண்டு. அது மெயிலை வாங்கிச் சத்தமில்லாமல் விழுங்கும், எழுத்துப்பிழை செய்தவருக்கு எதுவும் தெரியாது. சிபேனலே அதைப் பரிந்துரைப்பதில்லை. மாற்றுவதற்கு முன் ஒரு வேலை: பழைய விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை, ஜிஎஸ்டி பதிவு இவற்றில் கொடுத்த ஐடிகள் எல்லாம் உண்மையான பெட்டியாகவோ ஃபார்வர்டராகவோ இருக்கின்றனவா என்று பாருங்கள். இத்தனை நாள் டிஃபால்ட் அட்ரஸ் தயவில் ஓடிக்கொண்டிருந்த ஐடி ஏதாவது இருந்தால் அன்றோடு செத்துவிடும்.

அடுத்து வைட்லிஸ்ட், அதாவது நம்பகமான அனுப்புநர்களின் பட்டியல். ஸ்பேம் ஃபில்டர்ஸ் பக்கத்தின் கீழே இருக்கிறது. இதில் சேர்த்த முகவரிக்கு 100 மார்க் கழியும், எந்த ஸ்பேமும் அதைத் தாண்டி வரம்பைத் தொட முடியாது. ஆகவே நட்சத்திரக் குறி போட்டுச் சொந்த டொமைனையே அதில் சேர்ப்பதைப் போல ஆபத்து வேறில்லை. "நம்ம ஆபீஸ் மெயில் நமக்கே ஸ்பேமுக்குப் போகுது" என்று அதைச் செய்துவைப்பார்கள். வைட்லிஸ்ட் பார்ப்பது அனுப்பியவர் என்று மெயில் சொல்லிக்கொள்ளும் பெயரை. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். "உங்கள் பாஸ்வேர்டு இன்று காலாவதி" என்று உங்கள் சொந்த ஐடியிலிருந்தே உங்களுக்கு வரும் மெயில் இந்த வாசல் வழியாகத்தான் ராஜநடை போட்டு வருகிறது. ஜிமெயில் டொமைனை மொத்தமாகச் சேர்ப்பதும் அதே ரகம். முழு முகவரியை மட்டும் சேருங்கள். பிளாக்லிஸ்ட் எதிர்த்திசையில் 100 மார்க் கூட்டும், ஆனால் ஸ்பேமர் நாளுக்கு ஒரு முகவரி மாற்றுவதால் அதில் உட்கார்ந்து பட்டியல் எழுதுவது வீண் வேலை. விடாமல் அனுப்பும் விளம்பர நிறுவனத்துக்கு மட்டும் உதவும்.

சொந்தப் பெயரில் வரும் போலி மெயிலுக்கு மருந்து இமெயில் டெலிவரபிலிட்டி பக்கத்தில் இருக்கிறது. டொமைனின் எஸ்பிஎஃப் (எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) பதிவுகள் சரியாக உள்ளனவா என்று காட்டி, ரிப்பேர் பொத்தானை அழுத்தினால் போட்டுக்கொடுக்கும். டிஎன்எஸ் கிளவுட்ஃப்ளேரிலோ டொமைன் வாங்கிய இடத்திலோ இருந்தால் அந்தப் பொத்தானால் பயனில்லை. பதிவுகளை நகல் எடுத்து அங்கே ஒட்டவேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான். பழையது இருக்கும்போது இன்னொன்றை ஒட்டினால் இரண்டுமே செல்லாது. சிபேனல் தரும் எஸ்பிஎஃப் "~ஆல்" என்று முடியும், அதாவது சந்தேகப்படு, ஆனால் விரட்டாதே. உங்கள் மெயிலெல்லாம் எந்தெந்தச் சர்வரிலிருந்து போகிறது என்று உறுதியாகத் தெரிந்தபின் "-ஆல்" ஆக்கலாம். அப்படி ஆக்கினாலும் ஸ்பேம்அசாசின் எஸ்பிஎஃப் தோல்விக்கு இயல்பாகப் போடும் மார்க் மிகச் சொற்பம். ஸ்பேம் ஃபில்டர்ஸில் மார்க் மாற்றும் பகுதிக்குப் போய் "எஸ்பிஎஃப்_ஃபெயில்" சோதனைக்கு 2 அல்லது 3 வையுங்கள். அதற்குமேல் வேண்டாம், ஃபார்வர்டு ஆகி வரும் நல்ல மெயிலும் அந்தச் சோதனையில் தோற்பதுண்டு.

ஃபில்டர்கள். குளோபல் இமெயில் ஃபில்டர்ஸ் கணக்கில் உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும், இமெயில் ஃபில்டர்ஸ் ஒரு பெட்டிக்கு மட்டும். சக்தி வாய்ந்தது, அதே அளவு கை சுடக்கூடியது. "அனுப்பியவர் முகவரியில் அ இல்லை", "அனுப்பியவர் முகவரியில் ஆ இல்லை" என்று இரண்டு விதிகளை எழுதி, நடுவே "அல்லது" வைத்து, செயலாக அழித்துவிடு என்று கொடுத்தால் என்ன ஆகும்? எந்த முகவரியிலும் இரண்டில் ஒன்றாவது இல்லாமல்தான் இருக்கும். ஆகவே வரும் மெயில் அத்தனையும் போய்விடும். "இல்லை" என்று வரும் விதிகளை "மற்றும்" போட்டே சேர்க்கவேண்டும். புது ஃபில்டர் எதுவானாலும் முதலில் ஒரு ஃபோல்டருக்கு அனுப்பும்படி வையுங்கள், ஒரு வாரம் பார்த்துவிட்டு அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தமிழில் மெயில் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஸ்பேம்அசாசினின் சொல் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு எழுதியவை; "உடனடிக் கடன்" என்று தமிழில் வந்தால் அதற்கு அது கண் சிமிட்டாது. அப்போது ஃபில்டரில் தமிழ்ச் சொல்லைப் போடத் தோன்றும். பொருள் வரிக்கு, அதாவது சப்ஜெக்ட்டுக்கு, இது வேலை செய்யும், ஏனென்றால் எக்ஸிம் ஹெடரை யூடிஎஃப்-8 ஆகப் பிரித்துப் படிக்கிறது. பாடி என்ற தேர்வில் அதே சொல்லைப் போட்டால் பெரும்பாலும் சிக்காது. தமிழ் உள்ளடக்கம் பேஸ்64 குறியீடாகச் சுருண்டு வருகிறது, ஃபில்டர் அதைப் பிரிக்காமல் அந்தக் குறியீட்டிலேயே தேடுகிறது. விதி சரியாகத்தானே இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் சப்ஜெக்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தமிழ் ஸ்பேமுக்கு உண்மையில் கைகொடுப்பது பேயஸ் பயிற்சி. எது குப்பை, எது நல்லது என்று உங்கள் மெயிலிலிருந்தே ஸ்பேம்அசாசின் கற்றுக்கொள்ளும் முறை இது. குறைந்தது 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் காட்டினால்தான் வாய் திறக்கும். திறந்தபின், உறுதியாக ஸ்பேம் என்று தோன்றும் மெயிலுக்கு பேயஸ்_99 என்ற சோதனை மட்டுமே 3.5 மார்க் போடும். இதற்கு சிபேனலில் பொத்தானே இல்லை என்பதுதான் இந்தத் தயாரிப்பின் ஆகப் பெரிய குறை. டெர்மினலிலோ (கட்டளை தட்டும் திரை) கிரான் ஜாப்ஸிலோ (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது) "எஸ்ஏ-லேர்ன்" கட்டளையை ஸ்பேம் ஃபோல்டரின் பாதையோடு ஓட்டவேண்டும், நல்ல மெயில் ஃபோல்டருக்குத் தனியாக ஒருமுறை. பயிற்சி கணக்கு முழுவதற்கும் பொது. ஒருவர் தனக்குப் பிடிக்காத செய்திமடலை ஸ்பேம் என்று கற்றுக்கொடுத்தால் எல்லார் பெட்டியிலும் அது ஸ்பேம்தான். சும்மா விட்டாலும் அது தானாகவே கற்கும்: 12க்கு மேல் மார்க் வாங்கியதை ஸ்பேம் என்றும், 0.1க்குக் கீழே போனதை நல்லது என்றும். மார்க்கே வாங்காமல் நழுவிய தமிழ்க் கடன் விளம்பரத்தை அது நல்ல மெயில் என்று படித்து வைத்திருக்கும், அதனால்தான் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டும்.

ஃபார்வர்டர்ஸ் பற்றிச் சுருக்கமாக. டொமைன் மெயிலை அப்படியே ஜிமெயிலுக்குத் தள்ளினால் ஸ்பேமும் சேர்ந்து போகும். ஜிமெயிலின் கண்ணுக்கு அதை அனுப்புவது உங்கள் ஹோஸ்டிங் சர்வர்தான், கெட்ட பெயரும் அதற்குத்தான். பிறகு நீங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில் அவருடைய ஸ்பேமில் விழும். ஃபார்வர்டு செய்யாமல் ஐமேப் வழியாக ஃபோன் ஆப்பிலேயே அந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்வது மேல்.

பாக்ஸ்டிராப்பர் என்று ஒன்று இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். தெரியாதவர் மெயில் அனுப்பினால் "நீங்கள் மனிதர்தானா, பதில் போடுங்கள்" என்று திருப்பிக் கேட்கும் கருவி. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி, எனவே கேள்வி ஒன்றுமறியாத மூன்றாமவருக்குப் போய்ச் சேரும். சர்வரின் ஐபி தடைப்பட்டியலில் ஏற இது நல்ல குறுக்குவழி. ஓடிபி அனுப்பும் இயந்திரம் எந்தக் காலத்தில் பதில் போடும்?

இத்தனையும் செய்தபின்னும் வரும் குப்பையில் ஒரு பகுதி மெயில் வழியாகவே வருவதில்லை. உங்கள் வலைத்தளத்தின் தொடர்புப் படிவம் வழியாக வருகிறது. அதை அனுப்புவது உங்கள் சர்வரே என்பதால் தடைப்பட்டியல்களுக்கு அங்கே வேலை இல்லை. படிவத்தில் மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் ரீகேப்சாவோ டர்ன்ஸ்டைலோ, கண்ணுக்குத் தெரியாத பொறிக்கட்டமோ வைப்பதுதான் வழி. அனுப்புநராக வருகையாளரின் ஐடியைப் போடும்படி படிவத்தை அமைக்காதீர்கள்; அங்கே உங்கள் டொமைன் ஐடி, அவருடையது பதில் முகவரியில்.

ஹோஸ்டிங் வாங்கும் முன் கேட்கவேண்டியது கிரேலிஸ்டிங் இருக்கிறதா என்பது. புதிதாக வரும் சர்வரை "கொஞ்சம் கழித்து வா" என்று திருப்பி அனுப்பும் முறை. அவசரக்கார ஸ்பேமர் திரும்பி வரமாட்டான். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சிபேனலில் அதன் இயல்பான காத்திருப்பு 5 நிமிடம். 10 நிமிடத்தில் செத்துப்போகும் ஓடிபி அந்தப் பெட்டிக்கு வருவதாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு பெட்டிகள் கொண்ட அலுவலகத்துக்கு, டிஃபால்ட் அட்ரஸைத் திருத்தி, வைட்லிஸ்ட்டைச் சுத்தம் செய்து, ஸ்பேம் பாக்ஸைப் போட்டால் இது போதும், தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஐம்பது பெட்டி, நாள் முழுக்க ஆர்டர் என்றால் கூகுள் வொர்க்ஸ்பேஸ் மாதிரி மெயிலுக்கென்றே உள்ள சேவைக்குப் போவது மேல். போகும்போது சிபேனலில் இமெயில் ரூட்டிங்கை ரிமோட் என்று மாற்றுங்கள். லோக்கல் என்று விட்டுவிட்டால், வெளியிலிருந்து வரும் மெயிலெல்லாம் புது இடத்துக்குப் போகும், உங்கள் தளத்தின் படிவத்தில் எழுதியவர்களின் விசாரணை மட்டும் யாரும் திறக்காத பழைய பெட்டியில் போய் விழுந்துகொண்டிருக்கும்.